சேதத்திற்கான காரணம்

ஜனவரி 8, திங்கள்

காலை ஆறரை மணிக்கே மெல்போர்னிலிருந்து தமயந்தி கூப்பிட்டாள். ஞாயிறு அல்லாத நாளில் மகள் கூப்பிட்டால் ஏதோ காரியம் இருக்கிறது என்று பொருள். இருந்தது.

“அப்பா, கெளம்பறதுக்கு முன்னாடி பல்லெல்லாம் அங்கயே பாத்து முடிச்சுருங்க. அம்மாவுக்கு மொதல்ல பாத்துருங்க. இங்க ஒரு பல்லுக்கு ரூட் கேனால் பண்ணி கேப் போட்டாப் போதும், ஒரு ஆளு ஊருக்கு வந்துட்டுப் போற ஃப்ளைட் காசு போயிரும்.”

“இன்ஷூரன்ஸ் எடுக்கறேன்னு சொன்னியே கண்ணு?”

“அது ஆஸ்பத்திரியில படுத்தாத்தானுங்கப்பா. பல்லு அதுல சேராது. பல்லுக்குத் தனியா எடுக்கணும். அதுலயும் பெரிய வேலைன்னா ஒரு வருஷம் காத்திருக்கணும். ஏற்கெனவே இருக்கற சேதத்தையெல்லாம் டாக்டர்கிட்ட எழுதி வாங்கி அனுப்பணும். மறைச்சது தெரிஞ்சா ஒரு பைசா தரமாட்டாங்க.”

சரி என்றேன். போனை வைத்த பிறகு யோசித்தேன். “அம்மாவுக்கு மொதல்ல” என்று ஏன் சொன்னாள்? எனக்குப் பல் இல்லையா? அறுபத்திரண்டு வயதில் முப்பது பல் வைத்திருக்கிறேன். முறுக்கு கடிக்கிறேன், கரும்பு கடிக்கிறேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். உதவியாளராகச் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றேன். கோபியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், நாச்சிமுத்து கையில் போலிப் பத்திரம் தப்பாது என்று. யாராவது தானாக வந்து அக்கறை காட்டினால் உள்ளே ஒரு வில்லங்கம் இருக்கும். இது நான் படித்துத் தெரிந்துகொண்டது அல்ல, பார்த்துத் தெரிந்துகொண்டது.

இருந்தாலும் போகத்தான் வேண்டும். பேரனுக்கு மூன்று வயது முடிகிறது. இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் மூன்று வருடம் அங்கே இருக்கப் போகிறோம் என்று கச்சேரிமேட்டு டீக்கடையில் எல்லோருக்கும் சொல்லியாயிற்று. விசாவுக்கான தாள்களை நவம்பரிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 10, புதன்

பல் ஆஸ்பத்திரி. டாக்டர் பெனாசிர் என்று பெயர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சுவரில் மாட்டியிருந்த பட்டத்தையும் வெளியே பலகையில் இருந்த பதிவு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்காக நம்பிவிட முடியாது.

எனக்கு இரண்டு சொத்தைப் பல், சுத்தம் செய்ய வேண்டும், அவ்வளவுதான் என்றாள். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. என் மனைவி சம்பூர்ணத்தை உட்கார வைத்த பிறகு இருபது நிமிடம் ஆகியும் எழுப்பவில்லை. விளக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாள். கண்ணாடியை விட்டுப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள்.

“அம்மா, இந்த முன்பல்லுல எப்ப அடிபட்டது?”

சம்பூர்ணம் வாயைத் திறந்து வைத்திருந்ததால் நான் சொன்னேன். “அது வந்துங்க டாக்டர், ரொம்ப வருஷம் முன்னாடி. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா.”

“அவங்க சொல்லட்டும் சார்.”

கருவியை வெளியே எடுத்தாள். சம்பூர்ணம் வாயைத் துடைத்துக்கொண்டு “ஆமாங்க” என்றாள். அதற்குப் பிறகும் டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோயாளி ஆமாம் என்று சொன்ன பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

எக்ஸ்ரே எடுத்தார்கள். மேலே முன்னால் இரண்டு பல்லுக்கும் உயிர் இல்லையாம். ஒன்றின் வேரில் சீழ் கோத்திருக்கிறதாம். கீழே இடதுபுறம் ஒரு பல் இல்லாத இடத்தில் பக்கத்துப் பல் சாய்ந்துவிட்டதாம். கோரைப்பல் நுனி உடைந்திருக்கிறதாம். மொத்தம் ஐம்பத்தெட்டாயிரம். ஐந்து நிமிடத்தில் என்னை அனுப்பிவிட்டு இவளிடம் இத்தனை கண்டுபிடித்தால் சந்தேகம் வராதா?

ஜனவரி 11, வியாழன்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்து காயில் போய்விட்டது என்றான். போன பங்குனியில்தான் காயில் மாற்றியது. பழைய காயிலைக் கழற்றிக் கையில் கொடு என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஜனவரி 13, சனி

யாரிடமும் சொல்லாமல் எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு ஈரோடு போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வயதான பல் டாக்டர் ஒருவர். கோபியில் பார்த்தது என்று சொல்லவில்லை. பொண்டாட்டி படம், என்ன செய்யலாம் என்று மட்டும் கேட்டேன்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “ரெண்டும் ஒரே நேரத்துல வாங்குன அடிங்க. வேர் உள்ளயே விரிசல் விட்டிருக்கு. பல வருஷம் வலியோட இருந்திருப்பாங்களே, ஏன் காமிக்கல?”

“ஒண்ணும் சொன்னதில்லீங்க அவ.”

“எப்படி ஆச்சு?”

“பாத்ரூம்ல விழுந்துட்டா.”

“விழுந்தா மூக்கும் நாடியும் சேந்து அடிபடும். இது வேற பக்கத்துல இருந்து வந்த மாதிரி இருக்கு. ஆமா, கோரைப்பல்லு? அதுவும் விழுந்ததா?”

கட்டணம் ஐம்பதாயிரம் என்றார். எட்டாயிரம் குறைவு. ஆனால் அதே பல், அதே கேள்வி. பல் டாக்டர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பேசிவைத்துக்கொண்டு தொழில் செய்கிறார்கள் என்று நினைக்கிறேன். திரும்பி வரும்போது கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை இரண்டு கிலோ வாங்கினேன். பொங்கலுக்கு ஆகும்.

ஜனவரி 15, திங்கள். பொங்கல்

வாசலில் பொங்கல் வைத்தாள். நன்றாகப் பொங்கியது. வீடியோவில் தமயந்தி வந்தாள். பேரன் அந்த ஊர்த் தொப்பி போட்டுக்கொண்டு “பொங்கலோ பொங்கல்” என்று கத்தினான். சம்பூர்ணம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள். குடும்பப் பெண்ணுக்கு அந்த அடக்கம் அழகு என்று என் அம்மாகூடச் சொல்வார்.

தமயந்தி மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, “அம்மா, கையை எடுங்க. பல்லைக் காமிங்க” என்றாள். நான் பக்கத்தில் போனதும் பேச்சை மாற்றிவிட்டாள்.

ஜனவரி 19, வெள்ளி

முதல் ரூட் கேனால். நான் கருவூலத்துக்குப் போக வேண்டியிருந்ததால் சம்பூர்ணம் தனியாகப் போனாள். பத்து மணிக்குப் போனவள் ஒன்றரைக்கு வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். “மேடம் பதினொண்ணு இருபதுக்கே கெளம்பிட்டாங்க சார். ரிப்போர்ட்டை மேடம் மெயிலுக்கு அனுப்பிட்டோம்” என்றாள் அங்கே வேலை செய்யும் பெண்.

“எந்த மேடம்?”

“சம்பூர்ணம் மேடம்தான்.”

இந்த வீட்டில் மெயில் என்பது என் பெயரில் ஒன்றுதான் இருக்கிறது. கேஸ் புக் செய்யக்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். அவளுக்கு எப்படி மெயில்? கேட்டேன். “வாய் மரத்துக் கெடக்குதுங்க, பேச முடியல” என்று கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ஆனால் அடுத்த நிமிடம் சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

ஜனவரி 24, புதன்

இன்று நானும் போனேன். என்னை வெளியே உட்கார வைத்தார்கள். போன தடவை உள்ளே விட்டீர்களே என்றேன். “இது புரொசீஜர் சார்” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள் அந்தப் பெண். மங்கல் கண்ணாடிக் கதவு. உள்ளே இரண்டு உருவம் தெரிந்தது. ஒன்று உட்கார்ந்திருந்தது, இன்னொன்றும் உட்கார்ந்திருந்தது. பல் பார்க்கிறவர் எதற்கு உட்கார்ந்து பேச வேண்டும்?

நாற்பது நிமிடம். துளை போடும் மெஷின் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. சத்தம் வராத பல் வைத்தியத்தை நான் கேள்விப்பட்டதில்லை. கடைசியில் ஐந்து நிமிடம் ஓட்டினார்கள், என் காதுக்காக ஓட்டியது போல.

வெளியே வந்தபோது சம்பூர்ணத்தின் கண் சிவந்திருந்தது. வலி என்றாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் கோபத்தைவிட ஒரு பயம் வந்தது. இவர்கள் எல்லோரும் எதையோ முடிவு செய்துவிட்டு என்னிடம் சொல்லாமல் இருக்கிறார்கள்.

ஜனவரி 30, செவ்வாய்

தேங்காய் பறிக்க ஆள் வரவில்லை. விசா பற்றித் தமயந்தியிடம் கேட்டு மெசேஜ் அனுப்பினேன். “ப்ராசஸ்ல இருக்குதுப்பா” என்று பதில். இருவருக்குமா என்று கேட்டதற்குக் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

பிப்ரவரி 2, வெள்ளி

இன்ஷூரன்ஸ் பாரம் வந்தது. என் மெயிலுக்குத்தான் வந்தது. தமயந்தி தவறிப்போய் எனக்கு அனுப்பிவிட்டாளோ என்னவோ. சம்பூர்ணத்தின் பாரம் மட்டும் இருந்தது. என்னுடையது பின்னால் வரும் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலப் பாரம், ஆறு பக்கம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு எண். சேதம் என்ன, எந்த வருடம், காரணம் என்ன என்று மூன்று கட்டம். கீழே தடித்த எழுத்தில், தெரிந்தே தவறான தகவல் கொடுத்தால் ஒப்பந்தம் செல்லாது என்று போட்டிருந்தார்கள். நல்ல பாரம். அரசாங்கத்தில்கூட இவ்வளவு ஒழுங்காக அச்சடிக்க மாட்டார்கள்.

இந்த வீட்டில் எந்தத் தாளாக இருந்தாலும் நான்தான் நிரப்புவேன். ரேஷன் கார்டு, ஆதார், பாங்கு, எல்லாம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி வைப்பேன். சம்பூர்ணம் வந்து, குறி இருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போவாள். முப்பத்தைந்து வருடமாக இதுதான் வழக்கம்.

முன்பல் இரண்டுக்கும் 1997 என்று எழுதினேன். காரணம்: குளியலறையில் வழுக்கி விழுந்தது. சம்பூர்ணம் காபி கொண்டுவந்தவள் தோளுக்குப் பின்னால் நின்றாள். ஆங்கிலம் அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

“பாத்ரூம்னா எழுதியிருக்கீங்க?”

“ஆமா.”

“அப்ப நமக்குப் பாத்ரூம் ஏதுங்க? பாரியூர் ரோட்டு லைன் வீட்டுலதானே இருந்தோம். குளிக்க வாய்க்காலுக்குத்தானே போவோம்.”

அப்படியே பேனாவை வைத்துவிட்டேன். உண்மைதான். அந்த வீட்டில் குளியலறை கிடையாது. ஆறு குடும்பத்துக்கும் சேர்த்துப் பின்னால் ஒரு தட்டி மறைப்பு இருந்தது, அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் பத்திரத்தில் இதே மாதிரிப் பிழையைப் பிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். இல்லாத கிணற்றுக்குப் பாத்தியதை எழுதி வந்த ஆளை இந்த ஊரே சிரிக்கும்படி செய்திருக்கிறேன். அடித்துவிட்டு, வாய்க்கால் படியில் வழுக்கியது என்று எழுதினேன்.

டாக்டரிடம் பாத்ரூம் என்று சொன்னது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஈரோட்டு டாக்டரிடமும்.

குறி வைத்துக் கொடுத்தேன். “இங்க வெச்சுட்டுப் போங்க. படிச்சுட்டுப் போடறேன்” என்றாள்.

படித்துவிட்டா?

பிப்ரவரி 3, சனி

கையெழுத்துப் போடவில்லை. பாரம் மேஜைமேலேயே இருக்கிறது.

பிப்ரவரி 6, செவ்வாய்

பாரத்தைக் காணோம். கேட்டேன்.

“டாக்டரம்மாகிட்டக் குடுத்துட்டனுங்க.”

“கையெழுத்துப் போடாமயா?”

“அது இல்லீங்க. வேற பாரம் வாங்கி நானே எழுதுனேன். தமிழ்ல எழுதுனேன், டாக்டரம்மா அதை இங்கிலீசுல போட்டு சீல் வெச்சு அனுப்பிட்டாங்க.”

“என்னத்த எழுதுன?”

“கேட்டதுக்குப் பதில் எழுதுனேன்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டு கீழே விழுந்தது. வழக்கமாக அவள் உடனே குனிந்து அள்ளுவாள். இன்று அசையாமல் நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெளியே போய் எதிர்வீட்டு ருக்குமணியோடு வாசலில் உட்கார்ந்துகொண்டாள். ரசத்தையும் சோற்றையும் நானே துடைத்தேன். எறும்பு வந்துவிடும்.

பிப்ரவரி 9, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் அறிக்கையின் நகல் கேட்டேன். புருஷன் என்ற முறையில் கேட்கிறேன் என்றேன்.

“அது அவங்களோட ரிப்போர்ட் சார். அவங்க எழுதிக் குடுத்தாத்தான் உங்ககிட்டத் தர முடியும்.”

“ஏனுங்க, நான் சார்பதிவாளரா இருந்தவன். சட்டம் எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சவருன்னுதான் சார் சொல்றேன். மத்தவங்க கேட்டா நீங்க குடுத்திருப்பீங்களா?”

கொடுத்திருக்க மாட்டேன். எழுந்தபோது அவள், “சார், நீங்க அந்த மொத நாள் அவங்க பதில் சொல்றதுக்கு முன்னாடி சொன்னீங்க பாருங்க…” என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவள் பேசியது எழுதத் தகுந்தது அல்ல. அவள் வயதுக்கு எனக்கு மகள் இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்தால் ருக்குமணி முன்னறையில் உட்கார்ந்து அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். “சும்மா வந்தனுங்கண்ணா” என்றாள். செவ்வாயிலிருந்து இது நான்காவது நாள். சும்மா வருகிறவர்கள் அரிவாள்மணையும் காயும் எடுத்துக்கொண்டா வருவார்கள்?

பிப்ரவரி 12, திங்கள்

நாட்குறிப்பில் உண்மை எழுத வேண்டும். இல்லாவிட்டால் எதற்கு எழுதுவது? ஆகவே எழுதுகிறேன்.

1997 ஐப்பசி. நான்கு நாளாக மழை. அலுவலகத்தில் ஒரு பத்திர விஷயத்தில் மேலதிகாரி என்னை எல்லோர் முன்னாலும் முட்டாள் என்று சொன்ன தினம். வீட்டுக்கு வந்தால் விறகு நனைந்து சோறு ஆகவில்லை. ஏன் என்று கேட்டேன். விறகு நனைந்துவிட்டது என்றாள். கை பட்டுவிட்டது. அவள் அந்தப் பக்கம் திரும்பியிருக்கக் கூடாது. நேராக இருந்திருந்தால் கன்னத்தோடு போயிருக்கும். கையில் சொம்பு இருந்ததையும் நான் கவனிக்கவில்லை.

மறுநாளே மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கி வந்தேன். அவளால் அல்வா சாப்பிட முடியவில்லை. தமயந்திதான் சாப்பிட்டாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. அந்த வயசுக் குழந்தைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது.

எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அதற்காக யாரும் பாரத்தில் எழுதுவதில்லை.

பிப்ரவரி 14, புதன்

சம்பூர்ணத்துக்கு கேப் போட்டு முடித்துவிட்டார்கள். வெள்ளையாக, வரிசையாக இருக்கிறது. பணம் தமயந்தி நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாளாம். அதுவும் எனக்குத் தெரியாமல்.

வாசலில் ருக்குமணி ஏதோ சொல்ல, இவள் வாயை மூடாமல் சிரித்தாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்குச் சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கல்யாணத்தன்று பார்த்தது. மனம் சங்கடமாகிவிட்டது. எழுந்து போய் டிவி போட்டேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

தமயந்தி கூப்பிட்டாள்.

“அம்மாவுக்கு விசா வந்துருச்சுங்கப்பா.”

“எனக்கு?”

“வரும்ங்கப்பா.”

“மனு நம்பர் சொல்லு. நானே நெட்டுல பாத்துக்கறேன்.”

நான் இதற்காகவே மூன்று நாளாக வெள்ளைத்தாளும் பேனாவும் போன் பக்கத்தில் வைத்திருந்தேன். எல்லா மனுவுக்கும் எண் உண்டு. எண் இல்லாத மனு என்று உலகத்தில் எங்கேயும் கிடையாது.

“நம்பர் கேட்டேன் கண்ணு.”

“அப்பா…”

“நம்பர்.”

“உங்க பேர்ல நான் போடவே இல்லைங்கப்பா.”

வெளியே பால்காரர் மணி அடித்தார். பிறகு போய்விட்டார்.

“நவம்பர்ல எல்லாத் தாள்லயும் கையெழுத்து வாங்குனியே?”

“வாங்கலைன்னா நீங்க அம்மாவோடதையும் அனுப்பியிருக்க மாட்டீங்க. பல்லு வேலையை ஏன் அங்கயே முடிக்கச் சொன்னேன் தெரியுங்களா? இங்க வந்த பொறவு அவங்க வாயைத் தொறக்கும்போதெல்லாம் அது எப்படி ஆச்சுன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது. அவங்க சோறு மென்னு திங்கணும். அவ்வளவுதானுங்கப்பா.”

“ஏழு வயசுல உனக்கு என்ன தெரியும்?”

“அரிசி டின்னுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தேன். ரத்தத்தைத் தொடைக்க என் ஸ்கூல் பாவாடையைத்தான் குடுத்தேன்.”

நான் பேனாவை மூடி வைத்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள். “மத்ததை அம்மா சொல்லுவாங்க. முன்கதவு தொறந்தே இருக்கட்டும். ருக்குமணியக்கா உள்ளதான் இருக்காங்க. போனை வெச்சுட்டு நீங்க கோவப்பட்டீங்கன்னா அவங்க எனக்குக் கூப்பிடுவாங்க. ஸ்டேஷனுக்கும் கூப்பிடுவாங்க. சொல்லி வெச்சிருக்கேன்.”

ஆக நான் சந்தேகப்பட்டது ஒன்றும் வீண் இல்லை. மகள், பொண்டாட்டி, டாக்டர், எதிர்வீட்டுக்காரி, நான்கு பேரும் சேர்ந்துதான் செய்திருக்கிறார்கள். ஒன்றரை மாதமாக இந்த நாட்குறிப்பில் எழுதியதெல்லாம் சரி. மனு எண் எழுத வைத்திருந்த வெள்ளைத்தாளை மடித்து இதற்குள்ளேயே வைத்தேன்.

பிப்ரவரி 21, புதன்

எழுத ஒன்றும் இல்லை. டீக்கடைக்குப் போகவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

காலையில் நானே கேட்டேன். கத்தவில்லை. ருக்குமணி வாசல்படியில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ மட்டும் போறியா புள்ள?”

“ஆமாங்க. ஞாயித்துக்கெழமை காத்தால கோயமுத்தூர்ல ஃப்ளைட்டு.”

“எதுக்குன்னு சொல்லமாட்டியா?”

“எழுதியிருக்கனுங்க. வாயால சொல்ல வரல. அதான் எழுதுனது.” அலமாரியில் அவள் சேலைகளுக்கு அடியிலிருந்து இரண்டு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். “நகல் கேட்டீங்களாமே, டாக்டரம்மா சொன்னாங்க. படிச்சுக்குங்க.”

வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

சம்பூர்ணம் எட்டாவது வரை படித்தவள். எழுத்து குண்டு குண்டாக, கோடு தவறாமல் இருந்தது. இவ்வளவு எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. பல்லின் எண் போட்டு, எதிரே வருடம், மாதம், காரணம்.

மேல் முன்பற்கள் இரண்டு. 1997 ஐப்பசி. கணவர் சொம்பால் அடித்தது.

கீழ் இடது கடைவாய்ப்பல். 2003 சித்திரை. கணவர் அறைந்ததில் விரிசல் விட்டு, பிறகு பிடுங்கியது.

மேல் வலது கோரைப்பல் நுனி. 2011 மார்கழி. கணவர் தள்ளியதில் அம்மிக்கல்லில் இடித்தது.

ஏன் அப்போதே வைத்தியம் பார்க்கவில்லை என்று ஒரு கேள்வி இருந்தது. டாக்டர் எப்படி ஆயிற்று என்று கேட்பார் என்பதால் பார்க்கவில்லை, என்று எழுதியிருந்தாள்.

சாட்சி என்ற இடத்தில் மகள் தமயந்தி, சம்பவத்தின்போது வயது ஏழு, என்று இருந்தது.

மூன்று முறை படித்தேன். அழ வேண்டும் போல இருந்தது, அழுகை வரவில்லை. என்னால் செய்ய முடிந்ததைச் செய்தேன். ஒரு தாள் கையில் வந்தால் பிழை பார்க்காமல் நான் திருப்பிக் கொடுத்ததே கிடையாது. அடித்தல் திருத்தல் இல்லை. மாதங்கள் சரி. வரிசை சரி. எந்த அலுவலகத்திலும் இதைத் திருப்பி அனுப்ப முடியாது என்று நினைத்தபோதுதான் ஒன்று அகப்பட்டது. 2016 இல்லை. ஆடி மாதம். அவள் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் இருந்த வருடம். ஒன்று விடுபட்டிருந்தால் முழுதும் சந்தேகத்துக்கு உரியது. பிழை என்றால் பிழைதான்.

தாளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

“இதுல ஒண்ணு உட்டுப்போச்சே. ரெண்டாயிரத்துப் பதினாறு” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கு விளங்கியது. அவளுக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தலையைத் தூக்கி என்னை நேராகப் பார்த்தாள்.

“அது கைங்க. அவங்க பல்லைப் பத்தி மட்டுந்தான் கேட்டிருந்தாங்க.”